ஷின்ஜுகுவில் ‘சிறு குழு’ பார் டூர் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

டோக்கியோ போகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஷின்ஜுகுவின் சந்துகளில் ராத்திரிச் சாப்பாடு, குட்டி பார்கள் எல்லாம் சுற்றிக் காட்டுகிறோம், மூன்று மணி நேரம், நான்கு இடம், சாப்பாடும் குடியும் கட்டணத்துக்குள், அதிகபட்சம் ஆறு பேர்தான் என்று போட்டிருந்த ஒரு டூருக்கு நானும் என் மைத்துனனும் ஆளுக்கு 13,000 யென் கட்டினோம். இரண்டு பேருக்கும் சேர்த்து நம் காசுக்கு ஏறக்குறைய 15,000 ரூபாய். என்னை இழுத்தது அந்த ‘ஆறு பேர்’தான். கும்பலாகக் கொடி பிடித்துக்கொண்டு போவது எனக்குப் பிடிக்காது.

சாயங்காலம் ஆறரைக்கு ஸ்டேஷன் மேற்கு வாசலில் போய் நின்றால் பதின்மூன்று பேர். மூன்று வேறு வேறு இணையதளங்களில் பணம் கட்டியவர்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். கைடு பையன் சிரித்த முகம், நல்ல ஆங்கிலம், டோக்கியோவுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறதாம். அவனைக் குறை சொல்லி என்ன, அவனை அனுப்பியவர்கள்தான் கணக்குத் தெரிந்தவர்கள்.

அந்தக் கணக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. முதல் இடம் ஒமோய்டே யோகோச்சோ. ரயில் பாதையை ஒட்டிய குறுகலான சந்து, போருக்குப் பிந்தைய கள்ளச்சந்தையில் முளைத்த கடைகள், ஒவ்வொன்றிலும் கரித்தணல் அடுப்பைச் சுற்றி ஏழெட்டு ஸ்டூல். அடுத்தது கோல்டன் காய். ஆறு சந்துகளில் இருநூறுக்கும் மேற்பட்ட பார்கள், பலவற்றில் ஐந்தாறு பேர் உட்கார்ந்தாலே முழங்கை இடிக்கும். இப்போது சொல்லுங்கள், பதின்மூன்று பேரை எந்தக் கடைக்குள் கூட்டிப்போக முடியும்? குழு பெரிதானால் அந்த இடங்களுக்குள் நுழையவே முடியாது. அப்போது அந்த டூரில் வேடிக்கை பார்ப்பதைத் தவிர எதுவும் மிஞ்சாது.

நடந்ததும் அதுதான். ஒமோய்டே யோகோச்சோவில் கைடு மட்டும் ஒரு கடைக்குள் போய் ஒரு தட்டில் பதின்மூன்று குச்சி வாங்கி வந்தான், கோழியும் வெங்காயத்தாளும் மாற்றி மாற்றிக் குத்திய நெகிமா. சந்து முனையில் சைக்கிள்களுக்கு நடுவே நின்றபடி ஆளுக்கு ஒரு குச்சி. நாங்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றதில் கடைக்காரப் பெரியவர் முறைத்த முறைப்பு இருக்கிறதே, அவர் இடத்தில் நான் இருந்தால் தண்ணீர் ஊற்றியிருப்பேன். கோல்டன் காயில் பத்தே நிமிடம். போட்டோ எடுக்காதீர்கள், சத்தம் போடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கமாக வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டான். இரண்டும் இரண்டு ‘இடம்’ என்று கணக்கு.

மூன்றாவது, ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் நாடு முழுக்கக் கிளை உள்ள ஓர் இசகாயா, அதாவது குடியும் சாப்பாடும் சேர்ந்து கிடைக்கும் கடை. மேஜைக்கு ஒரு டேப்லெட், வேகவைத்த சோயா காய், உருளைக்கிழங்கு வறுவல், பொரித்த கோழி. லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த விளம்பரத்திலேயே அதே மெனு, அளவில்லாத குடியோடு சேர்த்து ஆளுக்கு 3,500 யென் என்று படத்தோடு இருந்தது. என் மைத்துனன் குடிக்க மாட்டான். அவன் 13,000 யென்னுக்கு நான்கு கிளாஸ் ஊலாங் டீ குடித்தான்.

இங்கேதான் இன்னொரு வேலை நடந்தது. எல்லோரும் இரண்டு பீர் உள்ளே போய் உற்சாகமாக இருந்தபோது, “இப்போதே ரேட்டிங் போட்டுவிடுங்கள், எனக்கு உதவியாக இருக்கும்” என்று கைடு ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து நின்றான். முகத்துக்கு நேரே எப்படி இரண்டு நட்சத்திரம் போடுவது? நானும் ஐந்து போட்டுத் தொலைத்தேன். நான் நம்பிப் பணம் கட்டிய அந்த நூற்றுக்கணக்கான ஐந்து நட்சத்திரங்கள் எப்படி வந்தன என்பது அப்போதுதான் புரிந்தது.

கடைசி இடம் ஷின்ஜுகுவின் இரவுக் கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோவில், ஐந்தாவது மாடியில், கைடுக்குத் ‘தெரிந்தவரின்’ பார். ஒரு டிரிங்க் இலவசம். கூடவே ஒரு கிண்ணத்தில் கார அரிசிப் பிஸ்கட்டும் வேர்க்கடலையும் வைத்தார்கள், பார்க்க நம்மூர் மிக்சர் மாதிரியே. முக்கால் மணி நேரம் கழித்து ஆளுக்கொரு பில். உட்கார்ந்ததற்கு 2,000, அந்த மிக்சருக்கு 800, அதன் மேல் சர்வீஸ் பத்து சதவீதம், அதன் மேல் வரி பத்து சதவீதம், மொத்தம் 3,388 யென். டிரிங்க் மட்டும் பூஜ்யம் என்று ஒழுங்காகப் போட்டிருந்தார்கள்! ஜப்பானில் கேட்காமலே ஒரு சின்னத் தட்டு வைத்துக் காசு வாங்குவது பழக்கம்தான், ஒதோஷி என்பார்கள், வழக்கமாக 300 முதல் 500 யென் வரை இருக்கும். உட்காரக் கட்டணமும் பல பார்களில் உண்டு. ஆனால் ‘எல்லாம் அடக்கம்’ என்று பணம் வாங்கியவன், இது தனி என்று படியேறும் முன் சொல்ல வேண்டாமா? கைடைக் கேட்டால், “டிரிங்க்தான் அடக்கம் என்று சொன்னேன்” என்றான்.

வெளியே வந்தால் தெருவில் ஒலிபெருக்கி, கூப்பிடுகிற ஆட்களின் பின்னால் போகாதீர்கள் என்று எச்சரித்துக்கொண்டிருக்கிறது. தெருவில் ஆள் பிடிப்பதைத் தடுக்க ஷின்ஜுகுவில் 2013-லேயே தனி விதி வந்துவிட்டது. ஆனால் நாமே காசு கொடுத்து வைத்த கைடு கூட்டிப்போனால் எந்த ஒலிபெருக்கி என்ன செய்யும்.

மறுநாள் வயிற்றெரிச்சலில் நாங்களே கிளம்பினோம். ஐந்தரைக்கெல்லாம் போனதால் ஒமோய்டே யோகோச்சோவில் இரண்டு ஸ்டூல் கிடைத்தது. ஐந்து குச்சி கொண்ட தட்டு இரண்டு, ஒரு பீர், ஒரு டீ, ஒதோஷி, இன்னும் ஒரு கிண்ணம் என்று மொத்தம் 4,250. எங்கள் முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் கொழுப்பு சொட்டிப் புகை கிளம்ப, ஈரல் குச்சியை விசிறியால் விசிறித் திருப்பித் திருப்பிச் சுட்டார் அந்த மனிதர். பிறகு கோல்டன் காயில், கதவிலேயே ‘சார்ஜ் 800’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்த ஒரு பாரில் 3,100. ஆக இருவருக்கும் 7,350 யென். முந்தின நாள் போனது 32,776.

நீங்கள் பதிவு செய்தே ஆக வேண்டுமென்றால், ஆறு பேர் என்பது மொத்தக் குழுவுக்கா ஒரு பதிவுக்கா என்று எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு வந்த பதில், “ஒரு பதிவுக்கு ஆறு பேர் வரை” என்பதுதான். எந்தெந்தக் கடையில் உட்காருவோம், உட்காரக் கட்டணமும் ஒதோஷியும் சேர்த்தியா என்றும் கேளுங்கள். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நான் கேள்வி கேட்ட மூன்றாம் நாள் அந்த வரியை மாற்றிவிட்டார்கள். பழைய படம் என்னிடம் இருந்ததால் பதிவுத் தளம் பாதிப் பணத்தைத் திருப்பியது. டூர்க்காரர்கள் அடுத்த முறைக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி கூப்பன் அனுப்பினார்கள்.

பாரில் கட்டிய காசு போனது போனதுதான். வீட்டில் யாராவது மிக்சர் பாக்கெட்டைப் பிரித்தால் என் மைத்துனன் இப்போதும், “மாமா, 800 யென்” என்கிறான்.