12,000 ரூபாய்க்கு 11 பேண்ட் பெயர்கள்

ஹெவி மெட்டல் இசை வாசிக்கிறவர்கள், சொந்தக் காசில் இபி (நாலைந்து பாட்டு உள்ள சின்ன ஆல்பம்) போட்டுவிட்டு "யாராவது நாலு வரி எழுத மாட்டாங்களா" என்று காத்திருக்கிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நான் ஏமாந்தேன். சின்னப் பையன் இல்லை, வயது 36. ஏமாந்ததில் என் பங்கும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நாங்கள் நாலு பேர், சென்னை. பகலில் எல்லோருக்கும் வேலை. ஞாயிறு காலை வடபழனியில் ஒரு ஜாம் பேட், அதாவது வாசித்துப் பழகுகிற அறை. வாடகை மணிக்கணக்கு, ஏசி பாதி நாள் ஓடாது. இரண்டு வருஷம் அங்கே வேர்த்து வழிந்து, போன வருஷம் அஞ்சு பாட்டு பதிவு செய்தோம். மொத்தம் 27 நிமிஷம், எல்லாம் தமிழ் வரிகள். ரெக்கார்டிங், மிக்ஸிங், மாஸ்டரிங் சேர்த்து 70,000 ரூபாய் பக்கம் ஆனது. டிரம்மர் வீட்டில் சொன்ன கணக்கு வேறு.

முதல் பாட்டை இன்ஸ்டாவில் போட்ட மூன்றாம் நாள் ஒரு மெசேஜ். "ப்ரோ, உங்க டிராக் கேட்டேன். மிரட்டிட்டீங்க. இதை இப்படியே விடக்கூடாது." ஆள் தன்னை மெட்டல் விமர்சகர் என்று சொல்லிக்கொண்டார். பக்கத்தில் போய்ப் பார்த்தால் கறுப்புப் பின்னணி, பெரிய பேண்டுகளின் படங்கள், ஃபாலோயர்களும் நிறையவே. அவரிடம் ஒரு 'பேக்கேஜ்' இருந்தது. 600 வார்த்தையில் ஒவ்வொரு பாட்டாகக் கேட்டு எழுதிய விமர்சனம், ஒரு நேர்காணல், 20 வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு அனுப்பிவைப்பது, ஃபெஸ்டிவல் விண்ணப்பத்தில் போட்டுக்கொள்ள ஒரு மேற்கோள். எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய்.

அந்த மேற்கோளுக்குத்தான் விழுந்தேன். வாய்ப்பு கேட்டுப் போகிற இடமெல்லாம் "பத்திரிகையில் உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள்" என்று ஒரு கட்டம் இருக்கும். இரண்டு வருஷமாக அதைக் காலியாக விட்டு விட்டு அலுத்துப்போயிருந்தோம். ஆளுக்கு மூவாயிரம் போட்டு ஜிபேயில் அனுப்பினேன். தனி ஆள் கணக்கு. பில் கேட்கவில்லை. இதுதான் முதல் முட்டாள்தனம்.

இரண்டாவது, அவர் அனுப்பிய ஃபார்ம். குழுவின் பெயர், ஊர், உறுப்பினர்கள் எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு கேள்வி: "நீங்கள் எந்த மூன்று பேண்டுகளைப் போல் ஒலிக்கிறீர்கள்?" காலியாக விட்டேன். ஃபார்ம் போகவில்லை, அந்தக் கட்டம் சிவப்பாக நின்றது. ஜாம் பேடில் உட்கார்ந்திருந்தேன். எதிரே டிரம்மர் கோஜிரா டிஷர்ட் போட்டிருந்தான், கோஜிரா என்று தட்டினேன். பேஸ்காரன் ரிங்டோன் லேம்ப் ஆஃப் காட், அதையும் போட்டேன். மூன்றாவது ஓபெத். 2009இல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவில் அவர்களை நேரில் பார்த்த பாசம், வேறு காரணம் கிடையாது. அனுப்பு என்று அழுத்திவிட்டு வாசிக்கப் போய்விட்டேன்.

16 நாள் கழித்து விமர்சனம் வந்தது. 600 வார்த்தை என்றார், எண்ணிப் பார்த்தால் 380. அதில் எங்கள் பெயர் நாலு இடத்தில், அதில் ஒரு இடத்தில் எழுத்துப்பிழையோடு. அடுத்தவர்கள் பெயர் மட்டும் பதினொன்று: கோஜிரா, லேம்ப் ஆஃப் காட், ஓபெத், மெஷுகா, டூல், நைல், பிளாக் சபத், செபுல்டுரா, ஸ்லேயர், மெட்டாலிகா, பிளடிவுட். நான் ஃபார்மில் தட்டிய மூன்றும் அதே வரிசையில் முதல் பத்தியிலேயே. டிரம்மரின் டிஷர்ட் "ஒவ்வொரு பாடலிலும் படர்ந்திருக்கும் கோஜிராவின் நிழல்" ஆகியிருந்தது.

படித்துவிட்டு முதலில் சிரித்தோம், பிறகு பாடகன் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டான்.

இரண்டாவது பாட்டைப் பற்றி எழுதியிருந்தது: "மெஷுகாவை நினைவூட்டும் சிக்கலான தாளக் கட்டு." அந்தப் பாட்டு மிஸ்ர சாபு, நம் கர்நாடக சங்கீதத் தாளம். தகிட தகதிமி, மூணும் நாலும் ஏழு, அவ்வளவுதான். மெஷுகா பெரும்பாலும் செய்வது வேறு: சிம்பல் நேராக நாலு நாலாகப் போய்க்கொண்டிருக்கும், அதன்மேல் வேறு நீளத்தில் ஒரு ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கை) சுற்றவிடுவார்கள், அது நழுவி நழுவிக் கடைசியில் வந்து சேரும். எங்களுடையதில் நழுவலே கிடையாது. டிரம்மரின் தாத்தா வீடு கோயில் தெருவில். சின்ன வயதில் விடியற்காலையில் தவில் சாதகம் கேட்டுக் கேட்டு அவன் கையில் ஏறின ஏழு அது.

மூன்றாவது பாட்டு இன்னும் கொடுமை. "நைல் பாணியிலான எகிப்திய ஸ்கேல்" என்று எழுதியிருக்கிறார். அது மாயாமாளவகௌளை! பாட்டு கற்றுக்கொள்ளப் போகிற எந்தக் குழந்தையும் முதல் நாள் ஸரிகமபதநி சொல்கிற ராகம். ஸரளி வரிசையே அதில்தான். எங்கள் பாடகன் ஆறு வயதில் அம்மா தொடையில் தட்டத் தட்டப் பாடினது. இத்தனைக்கும் நைல் எகிப்துக்காரர்களும் இல்லை, அமெரிக்காவில் சவுத் கரோலினாக்காரர்கள். தன் அம்மாவிடம் கற்றதை ஒருத்தன் சவுத் கரோலினாவிலிருந்து எகிப்து வழியாகக் கடன் வாங்கினான் என்று எழுத எவ்வளவு தைரியம் வேண்டும்.

தாழ்த்திக் கட்டிய கிதாருக்கு பிளாக் சபத். சரி, தந்திகளைத் தளர்த்துவதில் அவர்களின் கிதாரிஸ்ட் டோனி அயோமி எல்லோருக்கும் முன்னோடிதான். ஆனால் அவர் பர்மிங்காம் தகரப் பட்டறையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர், இறுக்கமான தந்தியை அழுத்த வலித்ததால் தளர்த்தினார். நாங்கள் டிராப் சி என்கிற தாழ்ந்த சுருதிக்கு இறங்கியது எங்கள் பாடகனுக்கு மேல் ஸ்தாயி எட்டாததால். அவருக்கு விரல், எங்களுக்குத் தொண்டை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே! நேர்காணலும் பேக்கேஜில் இருந்ததுதானே. அது கடைசிவரை நடக்கவில்லை.

முத்தாய்ப்பாக "தெற்கின் பிளடிவுட்". பிளடிவுட் டெல்லிக்காரர்கள். டோல் என்கிற பஞ்சாபி மேளம் அடிப்பார்கள், ராப் உண்டு, இந்தியிலும் பஞ்சாபியிலும் ஆங்கிலத்திலும் பாடுவார்கள். நல்ல குழு, எனக்கும் பிடிக்கும். எங்களிடம் டோலும் இல்லை, ராப்பும் இல்லை, இந்தியும் இல்லை. இரண்டு பேரும் இந்தியர்கள், அது ஒன்றுதான் ஒற்றுமை. ஒப்பிட்டே தீருவேன் என்றால் சிங்கப்பூரின் ருத்ரா குழுவைச் சொல்லியிருக்கலாம். 1992இல் தொடங்கி, டெத் மெட்டல் என்கிற கரடுமுரடான மெட்டல் வகைக்குள் சம்ஸ்கிருத மந்திரங்களைக் கொண்டுவந்தவர்கள். எங்களைவிட எவ்வளவோ பெரியவர்கள், அந்த ஒப்பீட்டில் எனக்குக் கூச்சமாவது வந்திருக்கும். அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்திருக்குமா என்றே சந்தேகம்.

ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. "பிள்ளையார் கோயில் தாண்டி இடது பக்கம்" என்று வழி சொல்வதில்லையா, அதுபோல. ஆனால் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போன ஆளிடம் வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டால் அப்போதும் பிள்ளையார் கோயிலையே சொன்னால், அவர் உள்ளேயே வரவில்லை என்றுதானே அர்த்தம்?

இது எங்களோடு தொடங்கின வியாதியும் இல்லை. 1970இல் பிளாக் சபத்தின் முதல் ஆல்பத்தை ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் லெஸ்டர் பேங்ஸ் க்ரீம் குழுவோடு ஒப்பிட்டு, அதைவிட மோசம் என்று முடித்தார். அதற்கு முந்தைய வருஷம் அதே பத்திரிகை லெட் ஸெப்பெலினின் முதல் ஆல்பத்தை ஜெஃப் பெக் குழுவின் பக்கத்தில் நிறுத்தி மட்டம் தட்டியது. 2018இல் கிரெட்டா வான் ஃப்ளீட் என்கிற பையன்கள் ஆல்பம் போட்டபோது, அவர்கள் லெட் ஸெப்பெலினின் நகல் என்று பிட்ச்ஃபோர்க் என்கிற இசை இணையதளம் பத்துக்கு 1.6 மதிப்பெண் கொடுத்தது. மாமியார் கொடுமை பட்ட மருமகளே பிறகு மாமியாரான கதைதான். ஒன்று மட்டும் வித்தியாசம். அந்த விமர்சகர்கள் ஆல்பத்தைக் கேட்டுவிட்டுத் திட்டினார்கள், பேண்டிடம் காசும் வாங்கவில்லை.

எங்கள் ஆள் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்கிறேன்? அவருக்கென்று தனியாக சவுண்ட்கிளவுட் என்கிற பாட்டுத் தளத்தில் ஏற்றி, பிரைவேட் லிங்க் கொடுத்திருந்தேன். வேறு யாரிடமும் அந்த லிங்க் இல்லை. எத்தனை முறை ஓடியது என்று நமக்குக் காட்டும். முதல் பாட்டு 2, இரண்டாவது 1, மூன்றாவது 1, நான்காவது 0, ஐந்தாவது 0. ஆனால் விமர்சனத்தின் கடைசி வரி, "இறுதிப் பாடலில் இரட்டை பேஸ் டிரம் இடியாக இறங்கி உச்சம் தொடுகிறது." எங்கள் இறுதிப் பாட்டில் டிரம்ஸே கிடையாது. மூன்று நிமிஷம், ஒரு அக்கூஸ்டிக் கிதார், பாடகன் முணுமுணுப்பான். பின்னால் மழைச் சத்தம், அது என் வீட்டு மொட்டைமாடியில் செல்போனில் பிடித்தது.

கோயம்புத்தூரில் த்ராஷ் மெட்டல் வாசிக்கிற நண்பன் ஒருவனிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவன் பத்து நிமிஷத்தில் தன் விமர்சனத்தை அனுப்பினான். அதே ஆள், அதே 12,000. இரண்டாம் பத்தி வார்த்தைக்கு வார்த்தை எங்களுடையதுதான். பேண்ட் பெயரும் ஊரும் மட்டும் வேறு. இறுதிப் பாட்டில் இரட்டை பேஸ் டிரம் அவனுக்கும் இடியாக இறங்கியிருந்தது.

போன் செய்தேன். ஆள் அசரவில்லை. "ப்ரோ, ரெஃபரன்ஸ் கொடுக்காம ஆடியன்ஸுக்கு எப்படிப் புரியும்? கோஜிரா லெவல்னு எழுதியிருக்கேன், அதுக்கு சந்தோஷப்படணும் நீங்க."

"டிரம்ஸே இல்லாத பாட்டுல இடி எங்கருந்து வந்துச்சு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார் பாருங்கள், அதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. "ரிவிஷன் வேணும்னா பண்ணித் தர்றேன் ப்ரோ, 3,000 ஆகும். ஹெட்லைன்ல மெட்டாலிகா போட்டுத் தர்றேன்."

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பிளாக் செய்துவிட்டார். 20 பத்திரிகைகளுக்கு அனுப்பியதாக முன்பே ஒரு எக்ஸெல் ஷீட் தந்திருந்தார். எல்லாம் அந்தந்தப் பத்திரிகையின் தொடர்புப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய முகவரிகள். மூன்று இடத்துக்கு நானே எழுதிக் கேட்டேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள். எதுவும் வரவில்லை என்றார்கள். ஒருவர் கூடவே, விமர்சனத்துக்கு நாங்கள் காசு வாங்குவதில்லை, நேராக அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். வெட்கமாகப் போய்விட்டது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். பில் இல்லாததால் சாட் ஸ்கிரீன்ஷாட்டும் யுபிஐ பரிவர்த்தனை எண்ணும்தான் ஆதாரம். புகார் எண் வந்திருக்கிறது, பணம் வரவில்லை. இப்படி யாருக்காவது கொடுத்திருந்தால் சாட்டை அழிக்காதீர்கள், அவர் பிளாக் செய்வதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். இனி கொடுக்கப்போகிறவர்கள், அந்த ஆள் வேறு பேண்டுகளுக்கு எழுதியதில் நாலைந்தை வாங்கி, பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு முடிவெடுங்கள். விமர்சனம் எழுதக் காசு என்ற பேச்சு வந்தாலே நகர்ந்துவிடுவது இன்னும் நல்லது. விளம்பரத்துக்குக் காசு கொடுப்பது வேறு விஷயம், அதை விளம்பரம் என்று சொல்லி வாங்கட்டும்.

இந்தக் கூத்துக்கு நடுவில் டிரம்மர், தன் தாத்தா தெருவிலேயே இருக்கிற ஒரு தவில்காரரிடம் இரண்டாவது பாட்டைப் போட்டுக் காட்டினான். அறுபதைத் தாண்டியவர். செல்போனைக் காதோரம் வைத்துக்கொண்டு, தொடையில் தட்டிக்கொண்டே முழுசாகக் கேட்டாராம். மறுபடி போடச் சொன்னாராம். "தம்பி, சத்தம் ஜாஸ்தி, வார்த்த ஒண்ணும் வெளங்கல. ஏழு நல்லா நிக்குது. ஆனா தீர்மானம் வெக்கிற எடத்துல அரை எடம் முன்னாடியே விழுந்துட்ட பாரு."

தீர்மானம் என்றால் வாசிப்பை முடித்துவைக்கிற கோர்வை. ஸ்டுடியோவில் நாலு பேரும் நூறு முறை கேட்ட பாட்டு அது, எங்களில் ஒருத்தனுக்கும் படவில்லை. மாஸ்டரை மறுபடி போட்டுக் கேட்டோம். 3 நிமிஷம் 12 நொடி. விழுந்துதான் இருக்கிறது.

அடுத்து ஒரு ஃபெஸ்டிவலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இது நிஜமான ஃபெஸ்டிவல், காசு கேட்கவில்லை. நேற்று ராத்திரி ஃபார்மைத் திறந்தேன். ஏழாவது கேள்வி: "எந்த பேண்டுகளின் ரசிகர்களுக்கு உங்களைப் பிடிக்கும்? குறைந்தது மூன்று." கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம். குரூப்பில் போட்டுக் கேட்டேன், ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. டிரம்மர் மட்டும் "இன்னிக்கு பிளெயின் டிஷர்ட்தான் மச்சான் போட்டிருக்கேன்" என்று அனுப்பினான். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.