60 லட்சம் கடைக்கு எந்தக் கல்குலேற்றர்?

களுவாஞ்சிகுடியில் ஒரு பலசரக்குக் கடை விலைக்கு வந்திருக்கிறது, 60 லட்சம் கேட்கிறார்கள் என்று மச்சான் போனை நீட்டினான். "வருசம் 12 லட்சம் லாபம். ஐந்தால் பெருக்கினா 60. சரிதானே மச்சான்?"

இணையத்தில் கிடைக்கும் வியாபார மதிப்புக் கல்குலேற்றர்களில் பலவும் இவ்வளவுதான் செய்கின்றன. ஐந்தால் பெருக்குவது என்றால், போட்ட காசுக்கு வருசம் 20 வீதம் எதிர்பார்க்கிறோம் என்று அர்த்தம். அது பரவாயில்லை. ஆனால் முதலாளி காலை ஆறு மணிக்குக் கடை திறக்கிறார், மனைவி கல்லாவில் இருக்கிறார். இருவருக்கும் சம்பளம் எழுதவில்லை. இரண்டு பேருக்குமாக மாதம் 50,000 ரூபா போட்டாலே 6 லட்சம் கழிந்துவிடும். மிச்சத்தை ஐந்தால் பெருக்கினால் விலை 30 லட்சம்.

முதலீட்டு வளர்ச்சிக் கல்குலேற்றர் வைப்புப் பணத்துக்குப் போதும். 10 லட்சம், 10 வீதம், 10 வருசம் என்று கொடுத்தால் 25.94 லட்சம் காட்டும். மாதாமாதம் வட்டி சேர்வதாக மாற்றினால் 27.07. 2025 ஏப்ரலிலிருந்து இலங்கையில் வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. வரியைக் கழித்து 9 வீதம் என்று நாமே கொடுத்தால் 23.67தான். இன்னொன்று: 10 வீத வட்டிக்கு 60 லட்சத்தை வைப்பில் போட்டால், வரிக்கு முன் வருசம் அதே 6 லட்சம். ஆறு மணிக்கு எழும்பவும் தேவையில்லை.

கையில் பிடிக்கும் நிதிக் கல்குலேற்றர்களில் எச்பி 12சி (HP 12C) 1981இல் வந்தது. அதில் சமன் பொத்தானே கிடையாது, பழகியவருக்குத்தான் சுகம். டெக்சாஸ் பிஏ 2 பிளஸ் (BA II Plus) எளிது, ஆனால் பி/வை (P/Y, வருசத்துக்கு எத்தனை தவணை) என்ற இடத்தில் 12 கிடந்தால், மேலே சொன்ன 10 லட்சக் கணக்கில் நீங்கள் கொடுக்கும் 10 வருசத்தை 10 மாதமாக எடுத்து, சுமார் 10.87 லட்சம் என்று விடை தரும். பரீட்சை எழுதுபவர் வாங்கட்டும். கடை வாங்குபவருக்கு அந்தச் செலவு வீண்.

நான் எடுப்பது எக்செல், அல்லது போனிலேயே கூகுள் ஷீட்ஸ். அதிலும் சாதாரண என்பிவியில் (NPV, பின்னால் வரும் காசின் இன்றைய மதிப்பைப் பார்க்கும் சூத்திரம்) கவனம் வேண்டும். இன்று கொடுக்கும் 30 லட்சத்தையும் அடைப்புக்குள் போட்டால், அதை ஒரு வருசம் கழித்துக் கொடுப்பதாக எடுத்து, 20 வீதத்தில் 25 லட்சமாக்கிவிடும். முதல் தொகையை வெளியே கழிக்க வேண்டும். எக்ஸ்என்பிவி (XNPV) என்ற சூத்திரத்தில் அந்தத் தொல்லை இல்லை, திகதிகளையும் கொடுக்கலாம். நம் பக்கத்துக்கு அதுதான் பெரிய விசயம். வாவிக்கு மேற்கே படுவான்கரைச் சனம் வெள்ளாமை வெட்டித்தான் கடன் தீர்க்கும். கார்த்திகையில் கொடுத்த அரிசிக்குக் காசு பங்குனியில் வரும். 12 லட்சத்தைச் சமமாகப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் அந்த இடைவெளி கண்ணில் படாது.

அந்தத் திகதிகள் கடன் கொப்பியில்தான் இருக்கும். மச்சான் இரண்டு தரம் கேட்டுவிட்டான், முதலாளி இன்னும் காட்டவில்லை.