பெரியம்மாவின் மறதியும் ஊரில் கிடைத்த கூட்டுச் சிகிச்சையும்

இம்முறை யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் தங்கியிருந்த நாட்களில் பெரும்பகுதி பெரியம்மாவின் வைத்தியத்திலேயே கழிந்தது. 78 வயதான அவர் இரவில் எழுந்து வெளியே போவதும், எப்போதோ இறந்துபோன தமையனைத் தேடுவதும் கடந்த வருடம் தொடக்கம் நடந்துவந்தபோதிலும், வயது போனால் அறளை பெயர்வது (நினைவு தடுமாறுவது) வழக்கந்தானே என்று உறவினர் விட்டுவிட்டனர். தனியார் மருத்துவ நிலையமொன்றில் கொடுத்த தூக்கக் குளிசை அவரைப் பகலிலும் தள்ளாட வைத்து, ஒருநாள் முற்றத்தில் விழவும் செய்தது.

அதன்பின் அரச வைத்தியசாலையொன்றின் உளமருத்துவக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். காத்திருப்பு நீண்டது, கட்டணம் ஏதுமில்லை. மருத்துவர் நோயின் பெயரை உடனே சொல்லிவிடவில்லை. தைரொயிட் சுரப்புக் குறைவு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, விழுந்ததால் மண்டையோட்டினுள் தேங்கிய குருதி ஆகியவையும் மறதியைத் தரலாம் என்பதாலும், அவற்றைக் கண்டுபிடித்தால் வைத்தியம் செய்யலாம் என்பதாலும், குருதிப் பரிசோதனையும் சி.ரி. ஸ்கானும் முதலில் செய்விக்கப்பட்டன. தூக்கக் குளிசையும் படிப்படியாகக் குறைக்கப்பட்டது.

பெரியம்மாவைப் பராமரிக்கும் மச்சாளைத் தாதி தனியே அழைத்து விசாரித்தார். இது மிகவும் அவசியமானது, ஏனெனில் பெரியம்மாவைக் கேட்டால் தமக்கு ஒரு குறையுமில்லை என்றே சொல்வார். பின்னர் நினைவையும் சிந்தனையையும் சோதிக்க மணிக்கூடு வரையச் சொன்னபோது பெரியம்மா எல்லா எண்களையும் வட்டத்தின் வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதிவிட்டு, பேனையை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். அவர் ஐந்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தியவர் என்பதை மருத்துவர் கேட்டுக் குறித்துக்கொண்டது எனக்கு நம்பிக்கை தந்தது. இத்தகைய சோதனைகளில் படிப்புக் குறைந்தவர்கள் நோயில்லாமலே குறைந்த புள்ளி பெறக்கூடும்.

முடிவில், மூளையைப் படிப்படியாகப் பாதிக்கும் மறதி நோயான அல்சைமர் என்றனர். ஈ.சி.ஜி. எடுத்து இதயத்துடிப்பைப் பார்த்த பின்னரே டொனெபெசில் குளிசையைச் சிறிய அளவில் தொடங்கினர். அது நோயை நிறுத்தாது, சில காலத்துக்குச் சற்று உதவலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

எங்களுக்குப் பெரிதும் உதவியவர், நோயாளி அன்றாடக் காரியங்களைப் பாதுகாப்பாகச் செய்ய வழிகாட்டும் தொழில்வழிச் சிகிச்சையாளர்தான். “அம்மா இரவில எழும்பினா எந்தப் பக்கம் போறவா?” என்று அவர் கேட்க, கிணற்றடிப் பக்கம் என்றார் மச்சாள். மலசலகூடம் கிணற்றுக்கு அப்பால்தான் இருக்கிறது. பெரியம்மா இலக்கில்லாமல் அலையவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. கிணற்றுக்கு இரும்பு வலை மூடி போட்டோம், வழிக்கு மின்விளக்குப் பொருத்தினோம், படுக்கும் முன் அவரை அழைத்துச் சென்றுவரும் பழக்கத்தையும் ஏற்படுத்தினோம். இரவு நடமாட்டம் வெகுவாகக் குறைந்தது.

பராமரிப்பவருக்கு ஓய்வு கிடைக்க வழியில்லாததே இன்னும் என்னை வருத்துகிறது. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, மச்சாள் நல்லூர்த் திருவிழாவுக்குக்கூடப் போகமுடியாதிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணொருவரைச் சம்பளத்துக்கு ஒழுங்குசெய்து, அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிச்சென்றோம். குளிப்பாட்டும்போது பெரியம்மா மறுத்தால் வற்புறுத்தாமல் சற்று நேரம் விட்டு மீண்டும் கேட்கும்படி தாதி அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்.