சக்கரத்தைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக்: எங்கள் மில் ஃபோர்க்லிஃப்டின் பிரேக் சர்வீஸ்

பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் ஸ்டோர், பராமரிப்பு இரண்டும் என் பொறுப்பு. எங்களிடம் 3 டன் டீசல் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று இருக்கிறது, பஞ்சுப் பேல் (அழுத்திக் கட்டிய பொதி) பிடிக்கும் கிளாம்ப் பொருத்தியது. லாரியிலிருந்து பேல் இறக்குவது, குடோனில் அடுக்குவது, சரிவுப் பாதை வழியாக மிக்சிங் ஹாலுக்குக் கொண்டுபோவது எல்லாம் அதுதான். ஒரு பேல் 170 கிலோ, நான்கு பிடித்தால் 680. வண்டியின் சொந்த எடையே 4 டன்னுக்கு மேல்.

போன ஆடியில் நான்கு பேலோடு சரிவில் பின்னோக்கி இறங்கிய வண்டி, பெடலை முழுக்க மிதித்தும் நிற்கவில்லை. பின்பக்க எடைக்கட்டை (கவுண்டர்வெயிட்) தடுப்புச் சுவரில் இடித்துத்தான் நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் குடோன் பெருக்கும் இரண்டு பெண்கள் ஒரு நிமிடம் முன்புதான் அந்த வழியாகப் போயிருந்தார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

அதுவரை எங்களுக்கு ஒரு சர்வீஸ் ஒப்பந்தம் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார்கள், பெடலை இரண்டு தரம் மிதித்துப் பார்ப்பார்கள், தாளில் 'பிரேக் சரி' என்று டிக் போடுவார்கள். டிரைவர் அண்ணன் இரண்டு முறை சொன்னார்: "பெடல் கீழ இறங்குதுங்க, பிடிச்சா வலது பக்கம் இழுக்குது." இழுப்பதற்கு டயரைக் காரணம் சொன்னார்கள். பிரேக் ஆயில் குறைந்திருந்ததால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போனார்கள். மூடிய சிஸ்டத்தில் இருக்கிற ஆயில் எங்கே போயிற்று என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அப்போது நடப்பிலிருந்த தொழிற்சாலைகள் சட்டம், 1948-ன்படி தூக்கு கருவிகளுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை வாங்கிய சான்றிதழும் ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தது. தூக்கும் தூண் (மாஸ்ட்), செயின் எல்லாம் பார்த்துக் கொடுத்தது அது. சக்கரத்தில் இருக்கும் பிரேக் டிரம்முக்குள் யார் பார்த்தார்கள்?

அதற்கப்புறம் தெரிந்த ஒரு மில்காரர் சொல்லிக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரியவரை வரவழைத்தோம். அறுபது வயதிருக்கும், கூட மகன். கடை பெரிய போர்டு போட்ட கடையில்லை, ஒரு மினி வேனில் சாமான்களோடு மில்லுக்கே வந்து வேலை செய்கிறார்கள். அவர்கள் செய்த வேலையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

வந்ததும் ஸ்பேனரைத் தொடவில்லை. முதலில் டிரைவரிடம் பேசினார், பிறகு காலி வண்டியில் ஏறினார். பெடலை அழுத்தி அப்படியே வைத்திருந்தார், மெல்ல இறங்கியது. விட்டு விட்டு மிதித்தார், மேலே வந்தது. பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தால் உள்ளே காற்று. அழுத்தினபடி இருக்கும்போதே மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, இல்லை பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே விட்டுக்கொடுக்கிறது. ரெண்டாம் மிதிக்கு மேலே வந்தால் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிப்போச்சு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "அம்மணி, நீங்களே ஏறி மிதிச்சுப் பாருங்க" என்றார். பதினொரு வருஷ வேலையில் ஒரு மெக்கானிக் என்னை அந்த சீட்டில் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இந்த மாதிரி வண்டிகளில் பிரேக் முன் சக்கரங்களில் மட்டும்தான், பின் சக்கரங்கள் திரும்புவதற்கு. அதனால் ஒரு பக்கம் போனால் பாதி போன மாதிரி. பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கி போட்டு, ஃபிரேமுக்கு அடியில் கனமான மரக்கட்டைகளை அடுக்கி, வண்டியை அதன்மேல் இறக்கின பிறகுதான் மகன் அடியில் கை நீட்டினார். எங்கள் ரிம் இரண்டு துண்டாகப் பிரியும் வகை. நட்டைத் தொடுவதற்கு முன்பே டயரில் காற்றை முழுக்க இறக்கிவிட்டார். காற்று இருக்கும்போது தப்பான போல்ட்டைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பறக்கும்.

இடது டிரம்மைத் திறந்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒழுகி, ஷூமேல் ஒட்டியிருக்கும் லைனிங் முழுக்க நனைந்திருந்தது. அதில் பஞ்சுத் தூசி ஒட்டிக் கறுப்புக் களியாகியிருந்தது. வலது பக்கம் காய்ந்து கிடந்தது, லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்தது. இடது பிடிக்கவில்லை, வலது மட்டும் பிடித்தது, அதனால்தான் வலது பக்கம் இழுத்திருக்கிறது. ஒழுகியது பிரேக் ஆயிலா, ஆக்ஸில் சீல் போய் வந்த கியர் ஆயிலா என்று பார்க்கப் பெரியவர் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். ஒரு சொட்டு விட்டுக் கலக்கினார், கரைந்துவிட்டது. கியர் ஆயிலாக இருந்தால் மேலே மிதந்திருக்கும். டிப்ளமோவில் யாரும் எனக்குச் சொல்லித்தராத பாடம்.

நனைந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போட்டுவிடலாமா என்று எங்கள் ஃபிட்டர் கேட்டார். கூடாது என்று பெரியவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். உள்ளே ஊறினது சூடேறும்போது மறுபடி வெளியே வரும். இரண்டு பக்கமும் ஷூ, ஸ்பிரிங், வீல் சிலிண்டர் புதிது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மறுபடி இழுக்கும். தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊத விடவில்லை, ஈரத்துணியாலும் பிரேக் கிளீனராலும் துடைத்தார்கள். பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முன்பு வந்தவர்கள் குடோன் வாசலிலேயே ஊதியது ஞாபகம் வந்தது.

டிரம்மில் கோடு விழுந்திருந்ததால் அளந்து பார்த்து, கடைசல் கொடுக்க எடுத்துப்போனார்கள். அதனால் ஒருநாள் வேலை இரண்டு நாளானது.

புது ஆயில் ஊற்றுவதற்கு முன் ரிசர்வாயர் மூடியை என்னைப் படிக்கச் சொன்னார். எங்களுடையது டாட் 3 என்கிற வகை பிரேக் ஆயில். வேறு சில வண்டிகளுக்கு மினரல் ஆயில், மாற்றி ஊற்றினால் ரப்பரெல்லாம் ஊதிப்போகும். டாட் 3 காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிதாக 205 டிகிரியில் கொதிக்க வேண்டியது, ஈரம் ஏறிவிட்டால் 140-லேயே கொதிக்கலாம். குறைந்த அளவுக்கு ஊற்றிக்கொண்டே போகாமல் முழுக்க மாற்ற வேண்டும் என்பது அதற்காகத்தான்.

நான் கேட்காமலே அவர் செய்த இன்னொரு வேலை, வண்டியை மெல்ல நகர்த்த உதவும் இன்சிங் பெடலைச் சரிசெய்தது. அந்த இடது பெடலை மிதித்தால் முதலில் கியரின் பிடி விட வேண்டும், அப்புறம் பிரேக் பிடிக்க வேண்டும். எங்கள் வண்டியில் அந்த வரிசை குழம்பியிருந்தது. போதாததற்கு டிரைவர் அண்ணனுக்கு இடது காலை அதன்மேலேயே வைத்து ஓட்டும் பழக்கம். பெரியவர் அவரைத் தனியே கூப்பிட்டுப் போய்ப் பேசினார். "உரசிக்கிட்டே ஓடுனா டிரம் சூடேறும் தம்பி. சுத்தியும் பஞ்சுங்க." பஞ்சுக் குடோனில் வேலை பார்ப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அண்ணன் இப்போது இடது காலைத் தரையில்தான் வைக்கிறார், நானே பார்க்கிறேன்.

கடைசியில் பேல் ஏற்றி, சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் கட்டை வைத்துக் காத்திருந்தோம். அசையவில்லை. ஒரு வாரம் கழித்துச் சொன்னபடி வந்து, புது லைனிங் படிந்த பிறகு ஷூ இடைவெளியைச் சரிசெய்து, வீல் நட்டுகளை இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி பார்த்தார்கள். அதற்குத் தனிக்காசு வாங்கவில்லை. எல்லாம் சேர்த்து 21,400 ரூபாய்.

குறையும் உண்டு. எழுத்தில் எதுவும் தருவதில்லை. லைனிங் தடிமன், டிரம் அளவு எல்லாம் வாயால் சொல்கிறார், நான்தான் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஆடிட் வருகிற கம்பெனிகளுக்கு இது சிக்கல். பில் வர 12 நாள் ஆனது. மின்சார வண்டிகளின் கன்ட்ரோலர் வேலைக்கு வரமாட்டார், அதை முதலிலேயே சொல்லிவிட்டார்.

எங்களிடம் ஒரு பேட்டரி ஃபோர்க்லிஃப்டும் இருக்கிறது. அதில் ஆக்ஸிலரேட்டரை விட்டாலே மோட்டார் வேகத்தைக் குறைத்துவிடும், டிரம்முக்கு வேலை குறைவு. அதனாலேயே உள்ளே துருப்பிடித்து இறுகிக் கிடக்கும், அதையும் ஒரு தரம் திறந்து பார்த்துடுங்க அம்மணி என்றார். தைப் பொங்கலுக்கு மில் மூடியிருக்கும்போது வரச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை நோட்டோடு அளந்து பார்க்க வெர்னியரும் வாங்கி வைத்துவிட்டேன்.