கிட் பைசெக்ட்: பல வருடம் பயன்படுத்திய பிறகு

"போன ரிலீஸ்ல சரியா இருந்துச்சே" என்று யாராவது சொன்னால் நான் கோடைப் படிக்க உட்காருவதில்லை. எங்கள் பில்லிங் மென்பொருள் பழசு. எழுதியவர்களில் பாதிப் பேர் வேலையை விட்டுப் போயாச்சு. ஒரு ஃபங்ஷன் எழுதப்பட்ட இடத்துக்குத் தாவும் 'கோ டு டெஃபினிஷன்' அழுத்தி அழுத்தி உள்ளே போனால், நாலைந்து ஃபைல் தாண்டியதும் எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிடும். அதனால் முதல் வேலை கிட் பைசெக்ட்: கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில், பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று தேடித் தரும் கட்டளை.

ஒழுங்காக ஓடிய ஒரு கமிட் (கிட்டில் பதிந்த ஒரு மாற்றம்), ஓடாத ஒரு கமிட் இரண்டையும் காட்டினால் போதும். நடுவில் இருப்பதை எடுத்துக் கொடுத்து, இது தேறுமா என்று கேட்கும். 1000 கமிட் இருந்தாலும் சுமார் 10 சோதனையில் பிழையைக் கொண்டுவந்த கமிட்டைப் பிடித்துவிடலாம். கோட் புரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. லினக்ஸ் கெர்னல்காரர்கள் பிழை சொல்லி வரும் பயனரிடமே பைசெக்ட் செய்து தரச் சொல்வது இதனால்தான்.

எனக்குப் பிடித்தது 'ரன்', அதாவது நமக்குப் பதிலாக ஒரு ஸ்கிரிப்டே ஒவ்வொரு கமிட்டையும் சோதிக்கும் 'கிட் பைசெக்ட் ரன்'. ஒரு ஸ்கிரிப்டைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஸ்கிரிப்ட் முடியும்போது 0 திருப்பினால் நல்ல கமிட், 1 என்றால் கெட்டது, 125 என்றால் தாண்டிப் போ. இந்த 125ஐப் பலரும் கண்டுகொள்வதில்லை. பில்டே ஆகாத (ஓடக்கூடிய நிரலாகவே மாறாத) கமிட்டுக்கும் 1 திருப்பினால், சம்பந்தமில்லாத ஒருவர் தலையில் பழி விழும். ஸ்கிரிப்டை ரெப்போவுக்கு (கிட் கவனிக்கும் கோட் ஃபோல்டருக்கு) வெளியே வையுங்கள். பழைய கமிட்டுக்குப் போகும்போது அதுவும் பழையதாக மாறிவிடக் கூடாது.

குறை இல்லாமலா? சில நேரம் வந்து சில நேரம் வராத பிழையில் ஒரு தடவை தப்பாகப் பதில் சொன்னாலும் தேடல் வேறு பாதிக்குள் போய்விடும். அங்கே ஒவ்வொரு கமிட்டிலும் டெஸ்டைப் பலமுறை ஓட்ட வேண்டும். 'ஸ்பிரிண்ட் மாற்றங்கள்' என்று எல்லாவற்றையும் ஒரே கமிட்டாக நசுக்கிப் போடும் டீம்களில் பைசெக்ட் பாவம், அந்த மலைக்கு முன்னால் கொண்டுபோய் விட்டுவிட்டு நின்றுவிடும்.

அப்போது, கொடுத்த சொற்களைச் சேர்த்த அல்லது அழித்த கமிட்டுகளைத் தேடித் தரும் 'கிட் லாக் மைனஸ் எஸ்' (git log -S) உதவும். ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் 'கிட் பிளேம்' இப்போது இருக்கிற வரியைப் பற்றித்தான் பேசும்; லாக் மைனஸ் எஸ் அழிக்கப்பட்ட வரி எந்தக் கமிட்டில் போனது என்பதையும் காட்டும். என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினை யாரோ 'தேவையில்லை' என்று எடுத்துப் போட்ட இஃப் கண்டிஷன்தான்.

பழைய கமிட்டிலும் அதே பிழை வந்தால் நான் கோடை விட்டுவிட்டு கான்ஃபிக், டேட்டாபேஸ் பக்கம் போய்விடுவேன். முதல் நாளிலிருந்தே ஓடாத வசதிக்கு பைசெக்ட் உதவாது, கோடை வரிவரியாக ஓட்டிப் பார்க்கும் டீபக்கரைத்தான் திறக்க வேண்டும்.