எத்தனால் இல்லாத பெட்ரோல்: மூன்று பழைய இன்ஜின்கள், இரண்டு வருஷம்

மிக்ஜாம் புயலன்று எங்கள் தெருவில் ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரே வீடு எங்களுடையது. இருட்டில் உட்கார்ந்திருந்த வீடுகளிலும் எங்களுடையது உண்டு.

2023 டிசம்பர் 4. தாம்பரம் பக்கம் கரண்ட் போய் ஒரு ராத்திரி கழிந்திருந்தது. மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்த சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரை இழுத்து வந்து கயிற்றைச் சுண்டினேன். சோக் போட்டு, சோக் எடுத்து, பிளக் கழற்றித் துடைத்து, மறுபடி சுண்டினேன். நாற்பது தடவைக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒரு இருமல்கூட இல்லை. அம்மாவின் இன்சுலினை பக்கத்து வீட்டு ஐஸ் பெட்டியில் கொண்டுபோய் வைத்தோம்.

தண்ணீர் வடிந்ததும் மெக்கானிக் பாய் வந்தார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டரின் பவுலை, அதாவது பெட்ரோல் தேங்குகிற கிண்ணத்தை, கழற்றி என் முகத்துக்கு நேரே நீட்டினார். அடியில் தேன் காய்ந்து ஒட்டியது போல மஞ்சள் பிசின். ஓரமெல்லாம் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி. பெட்ரோல் போகிற சின்னத் துளையுள்ள மெயின் ஜெட்டை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்தார். துளை வழியாக வெளிச்சமே வரவில்லை.

"எத்தனை மாசமா சார் இதுல பெட்ரோல் கெடக்கு?"

ஏப்ரலில் ஊற்றியது. எட்டு மாசம்.

"ஓடுற வண்டிக்கு இந்தப் பெட்ரோல் ஒண்ணும் பண்ணாது. நிக்கிற வண்டியத்தான் தின்னும்" என்றார். இந்த இரண்டு வருஷத்தில் நான் தனியாகக் கண்டுபிடித்தது என்று பெரிதாக எதுவும் இல்லை. அவர் சொன்னதைக் கணக்குப் போட்டுச் சரிபார்த்ததுதான் என் வேலை.

'இந்தப் பெட்ரோல்' என்று பாய் சொன்னது எத்தனால், அதாவது சாராயம், கலந்த பெட்ரோலை. நம்மூர் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் என்ற இலக்கை 2022 ஜூனிலேயே எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. 2025-இல் அது 20 ஆகிவிட்டது. எத்தனால் வேண்டாம் என்கிறவருக்குத் தனியாக பெட்ரோல் கொடுங்கள் என்று கேட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆக, சாதா பெட்ரோல் கேட்டால் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்ததுதான். மிச்சமிருக்கிற வழி, எத்தனால் கலக்காதது என்று சொல்கிற 100 ஆக்டேன் பெட்ரோல் (ஆக்டேன் என்பது இன்ஜினுக்குள் நேரம் கெட்டு வெடிக்காமல் எரிகிற திறனைக் காட்டும் எண்). இந்தியன் ஆயில் எக்ஸ்பி 100 என்ற பெயரில் விற்பது அதைத்தான். 2020 டிசம்பரில் டெல்லியில் வந்தபோதே லிட்டர் 160 ரூபாய். 2025-இல் நான் வாங்கிய விலையும் அதை ஒட்டித்தான். பக்கத்திலேயே சாதா பெட்ரோல் அப்போது நூறு ரூபாய்ச் சொச்சம். எல்லா பங்கிலும் கிடைக்காது. வீட்டிலிருந்து பதினாலு கிலோமீட்டர் போக வேண்டும். போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்ற மாட்டார்கள், இரும்பு கேன் வேண்டும்.

எத்தனால் இல்லை என்று யார் சொன்னாலும் நான் நம்புகிற ஆளில்லை. பாரிமுனையில் லேப் சாமான் விற்கிற கடையில் 100 மில்லி அளவுக் குடுவை ஒன்று வாங்கினேன். 10 மில்லி தண்ணீர், அதில் ஒரு சொட்டு நீல இங்க், மேலே 90 மில்லி பெட்ரோல். வாயை அடைத்து நன்றாகக் குலுக்கிவிட்டு மொட்டை மாடியில், அடுப்புக்கும் பீடிக்கும் எட்டாத இடத்தில், பத்து நிமிஷம் வைத்தேன். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும். இங்க் தண்ணீரை விட்டு நகராது. அதனால் நீலம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால் போதும். 2024 ஜனவரியில் சாதா பெட்ரோலில் நீலம் 10-லிருந்து 18-க்கு ஏறியது. 2025 ஆகஸ்டில் மறுபடி செய்தேன்: 25. கணக்குப்படி 28 வர வேண்டும். ஆனால் கொஞ்சம் எத்தனால் பெட்ரோலிலேயே தங்கிவிடும், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்தால் கொள்ளளவும் சற்றுச் சுருங்கும். 100 ஆக்டேன் பெட்ரோலில் இரண்டு தடவையும் நீலம் 10-லேயே நின்றது. அன்றைக்குத்தான் 160 ரூபாய் கொடுக்க மனசு வந்தது.

ஆக்டேன் 100 என்பதால் வண்டி பறக்கும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் ஜெனரேட்டரும் புல் வெட்டும் மெஷினும் 91 ஆக்டேனுக்கே திருப்தியாக ஓடுகிறவை. அவற்றுக்கு 100 கொடுப்பது கஞ்சி குடிக்கிறவனுக்குக் குங்குமப்பூ போட்ட மாதிரி. எனக்கு வேண்டியது எத்தனால் இல்லாமை மட்டும். ஆக்டேன் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிற செலவு. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் இருக்கும் என் மச்சான் இதைக் கேட்டுச் சிரிக்கிறார். அங்கே படகுக்கும் புல்வெட்டிக்கும் என்றே 90 ஆக்டேனில் எத்தனால் கலக்காத பெட்ரோல் பங்கிலேயே விற்கிறார்களாம். அப்படி ஒன்று இங்கே 115 ரூபாய்க்குக் கிடைத்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

அதிகம் பலன் கண்டது புல் வெட்டும் மெஷின்தான். மதுராந்தகம் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு. அங்கே வேலை பார்க்கிற அண்ணன் கையில்தான் அந்த டூ ஸ்ட்ரோக் மெஷின் இருக்கும். 2023-இல் மட்டும் இரண்டு தடவை கார்புரேட்டர் கிட் மாற்றினோம். "மெசின் மூச்சு முட்டுது சார், ஆக்சிலேட்டர் குடுத்தா படுத்துக்குது" என்பார். கழற்றிப் பார்த்தால் உள்ளே டயாப்ரம் ரப்பர் வளைந்து, வறுத்த அப்பளம் மாதிரி விறைத்திருக்கும். விரலால் அமுக்கி பெட்ரோல் ஏற்றுகிற அந்தச் சின்னக் குமிழ் ஓரத்தில் விரிசல் விட்டிருக்கும். 2024 ஜனவரிக்குப் பிறகு குமிழ் ஒன்று மாற்றினோம். டயாப்ரத்தில் இன்னும் கை வைக்கவில்லை.

இந்த மெஷினில் இன்னொரு ஆபத்து உண்டு, அதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஆயில் கலந்த பெட்ரோலை அண்ணன் ஒரு பாட்டிலில் ஊற்றி, மூடி தொலைந்துபோனதால் துணியைச் சுருட்டி அடைத்துக் கொட்டகையில் வைத்திருந்தார். 2023 ஐப்பசி மழைக்குப் பிறகு நான் போய் எடுத்துப் பார்த்தால், மேலே டூ டி ஆயிலின் பச்சை நிறம். அடியில் இரண்டு விரற்கடைக்கு நிறமே இல்லாத கலங்கல். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொண்டு தனியாகக் கீழே இறங்கிவிட்டது. ஆயில் மேலேயே நின்றுவிட்டது. மெஷினின் டியூப் உறிஞ்சுவது டேங்க்கின் அடியிலிருந்து. அந்தக் கலங்கலை ஊற்றியிருந்தால் பிஸ்டன் ஆயிலே இல்லாமல் ஓடி ஜாமாகியிருக்கும். நியாயமாகச் சொன்னால், காற்றின் ஈரம் மட்டும் இவ்வளவு செய்யாது. கொட்டகை ஒழுகியிருக்கிறது. 10 சதவீதம் கலந்த பெட்ரோல் ஒரு லிட்டரில் 5 மில்லி அளவுக்குத் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால்தான் இப்படிப் பிரியும். எத்தனால் இல்லாத பெட்ரோலிலும் மழைத்தண்ணீர் விழுந்தால் அடியில் தங்கும்தான். ஆனால் அது சுத்தத் தண்ணீர், மெஷின் உடனே நின்றுவிடும். எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்த கலவையோ அரைகுறையாக எரிந்து, ஓடுகிற மாதிரி ஓடி, இன்ஜினைக் கெடுக்கும்.

அடுத்தது அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், 1994 மாடல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் துணி போர்த்திக்கொண்டு நிற்கும். இதற்கு நான் செய்த செலவில் பாதி பாசத்துக்கு என்று எழுதிவிடலாம். 2023-இல், பவுலுக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கிற ஃப்ளோட் நீடிலின் ரப்பர் நுனி ஊதி, பெட்ரோல் வழிந்து தரையெல்லாம் வாசனை. பெட்ரோல் டியூப் கல்லு மாதிரி ஆகியிருந்தது. முப்பது வயது வண்டி. அதன் ரப்பர் எல்லாம் எத்தனால் என்ற பேச்சே இல்லாத காலத்துச் சரக்கு. நீடிலை மாற்றி, டியூபை எத்தனால் தாங்கும் விட்டான் டியூபாகப் போட்டு, டேங்க்கைக் கழுவி, பிறகு 100 ஆக்டேன் ஊற்றினோம். ஆறு கிக் வாங்கிய வண்டி இரண்டாவது கிக்கில் எழுந்துகொண்டது. ஆனால் இதில் பெட்ரோலுக்கு எவ்வளவு பங்கு, புது ரப்பருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்துவிட்டேன்.

2025 தீபாவளி சமயம் கேன் காலியாகி, இ20-ஐயே ஐந்து லிட்டர் ஊற்றி ஓட்டிப் பார்த்தேன். வித்தியாசம் உடனே தெரிந்தது: சூடேறும் வரை திக்கியது, திராட்டிலைத் திறந்தால் அரை நொடி யோசித்தது. காரணம் எளிது. பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும் என்றால், இ20-க்கு 13.5 அளவிலேயே போதும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, பழைய கணக்கிலேயே காற்றை விடும். இன்ஜினுக்குப் பட்டினி. பாயிடம் சொன்னேன். "மெயின் ஜெட்ட ஒரு நம்பர் பெருசாப் போட்டா சரியாப் போச்சு, எதுக்கு நூத்தி அறுபது ரூபா?" என்றார். அவர் சொன்னது சரி. நான் இன்னும் போடவில்லை.

ஸ்கூட்டர் வேறு கதை. 2024-இல் வாங்கியது. பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதியின் இரண்டாம் கட்டம், இ20-க்கு ஏற்ற பாகங்கள், பெட்ரோல் இன்ஜெக்‌ஷன். தினமும் ஓடுகிறது. ஆசைக்கு இரண்டு டேங்க் 100 ஆக்டேன் ஊற்றிக் கணக்குப் போட்டேன்: லிட்டருக்கு 46 கிலோமீட்டர் கொடுத்தது 48.5 ஆனது. எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே இந்த ஐந்து சதவீதத்தில் அதிசயம் இல்லை. கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 20 காசு ஆன இடத்தில் 3 ரூபாய் 30 காசு. மைலேஜுக்காக இதை ஊற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் கால்குலேட்டர் இல்லை என்று அர்த்தம்.

சாதா பெட்ரோலில் தண்ணீர் விட்டுக் குலுக்கி எத்தனாலைப் பிரித்து எடுத்துவிட்டால் போச்சு என்று வீடியோ போடுகிறவர்களும் உண்டு. அரை லிட்டர் செய்து பார்த்தேன். செய்யாதீர்கள். எத்தனால் போனால் அது கொடுத்துவந்த ஆக்டேனும் கூடவே போகும், மிஞ்சுவது மட்டமான பெட்ரோல். கொஞ்சம் தண்ணீரும் உள்ளேயே தங்கும். வீட்டில் பக்கெட் பக்கெட்டாகப் பெட்ரோல் ஆவியைக் கிளப்புவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சாராயத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நான் முழித்ததும் ஒரு பாடம்.

இனி என் வெட்கக்கேடு. எத்தனால் இல்லாத பெட்ரோல்தானே என்ற தைரியத்தில் 2024 முழுக்க ஜெனரேட்டரை மறந்துவிட்டேன். மார்ச்சில் ஊற்றியதை நவம்பரில், ஃபெஞ்சல் புயல் வருகிறது என்றதும்தான் போய்த் திறந்தேன். பெட்ரோல் வாசனை போய், பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி புளித்த நெடி. பதினைந்தாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆனது, புகைந்தது, ஓடியது. பவுலைக் கழற்றினால் வெள்ளைப் பொடி இல்லை. மஞ்சள் பிசின் மெல்லிய படலமாக இருந்தது. அதாவது எத்தனால் இல்லாவிட்டாலும் பெட்ரோல் கெடும். காற்றும் வெயிலும் போதும் அதற்கு. போன தடவை இன்ஜின் செத்தே போயிருந்தது, இந்தத் தடவை முனகிக்கொண்டு எழுந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்; ஆனால் புயல் ராத்திரியில் அந்த வித்தியாசம் போதும். ஃபிரிட்ஜ் ஓடியது.

அதற்குப் பிறகு ஒழுங்கு வந்தது. மாசம் ஒரு தடவை ஜெனரேட்டரை அயர்ன் பாக்ஸ் லோடு கொடுத்துப் பத்து நிமிஷம் ஓட்டி, பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, தானாக நிற்கும்வரை விடுகிறேன். பவுல் காய்ந்துவிடும். புல் மெஷினுக்கும் அதேதான். கேனில் வாங்கிய தேதியை மார்க்கரால் எழுதுகிறேன்.

பணம்? வருஷத்துக்கு ஜெனரேட்டருக்கு 10 லிட்டர், புல் மெஷினுக்கு 14, ஆர்எக்ஸுக்கு 24. ஆக 48 லிட்டர், லிட்டருக்கு 60 ரூபாய் அதிகம் என்றால் 2,880 ரூபாய். 2023-இல் ஜெனரேட்டர் கார்புரேட்டர் கழுவ 900, புல் மெஷின் கிட் இரண்டு தடவைக்கு 1,300, வண்டிக்கு 1,100 என்று 3,300 ரூபாய் பாய் கைக்குப் போயிருந்தது. லாபம் என்று மார்தட்ட ஒன்றுமில்லை. ஆர்எக்ஸை இ20-க்கு மாற்றி ஜெட்டைப் பெரிதாக்கிவிட்டால் கணக்கு நன்றாகவே என் பக்கம் சாயும். பாய் இதைப் படித்தால் திங்கட்கிழமையே ஜெட்டோடு வந்து நிற்பார்.

இப்போது கேனில் மூன்று லிட்டர் மிச்சம். மேலே 'நவம்பர் 9' என்று எழுதியிருக்கிறது. பிப்ரவரிக்குள் தீரவில்லை என்றால் ஸ்கூட்டருக்கு ஊற்றிவிடுவேன். அது எதைக் கொடுத்தாலும் குடிக்கும்.