கங்குங் கீரைக்குக் கைகொடுக்கும், கறிவேப்பிலைக்கு ஆகாது: நீரறை வைத்த நீளத் தொட்டி

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கென்று விற்கப்படும் நீரறைத் தொட்டிகளில் 60 செண்டிமீட்டர் நீளமுள்ளது 20 வெள்ளியை ஒட்டிக் கிடைக்கிறது. தொட்டிக்குள் மண்ணைத் தாங்கும் தட்டுக்குக் கீழே, நீரறையில் தண்ணீர் நிற்கும். தட்டிலிருந்து இறங்கும் இரண்டு குழிக்கால்களில் அடைத்த மண், அந்தத் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். மூலையில் நீர் ஊற்றும் வாய், பக்கவாட்டில் வழிதுளை.

கீரைக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் பையில் வரும் தோட்டமண்ணை மட்டும் அப்படியே கொட்டிவிடாதீர்கள். ஈரத்திலேயே கிடந்து இறுகிப்போகும், வேருக்குக் காற்று போகாது, அடியிலைகள் மஞ்சளாகும். தேங்காய்நார்த்தூள் 2 பங்கு, கம்போஸ்ட் 1 பங்கு, பெர்லைட் என்னும் லேசான வெள்ளைக் கல்துகள் 1 பங்கு என்று கலந்தால் போதும். நார்த்தூளை முதலில் ஊறவைத்து, கையில் பிழிந்தால் இரண்டு சொட்டு விழும் பதத்தில் எடுங்கள். குழிக்கால்களில் இடைவெளி இல்லாமல் விரலால் அழுத்தி அடையுங்கள். காய்ந்த தூளாக இருந்தால் தண்ணீர் ஏறாது. கீழே அறை நிறைந்திருக்கும், மேலே செடி வாடும். தொட்டியைக் குறை சொல்லும் முன் இந்தக் கால்களைத் தோண்டிப் பாருங்கள்.

வேர் கீழே இறங்கும் வரை, முதல் இரண்டு வாரம் மேலிருந்துதான் தண்ணீர் விடவேண்டும்.

கங்குங்குக்கு இதைவிடப் பொருத்தமான தொட்டி இல்லை. அடியில் இரண்டு கணு விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். புதினாவும் தண்டுக்கீரையும் நன்றாக வரும். கறிவேப்பிலை, கற்பூரவல்லி இரண்டுக்கும் வேர் அழுகும். அவற்றைச் சாதாரணத் தொட்டியிலேயே வையுங்கள். கொத்தமல்லி நம் வெயிலுக்குச் சீக்கிரமே பூத்துவிடும், எந்தத் தொட்டியாலும் அதைத் தடுக்க முடியாது.

நீர் எப்போதும் கீழிருந்து மேலே போவதால் உர உப்பு மேல்மண்ணில் வெள்ளையாகப் படியும். மாதம் ஒரு முறை மேலிருந்து ஊற்றி, வழிதுளை வழியே நன்றாக வெளியேறும்வரை அலசிவிடுங்கள்.

பெரிய குறை கொசுதான். ஊற்றும் வாய்க்குத் தரும் மூடி பல தொட்டிகளில் தளர்வாக இருக்கிறது, வழிதுளைக்கோ மூடியே இல்லை. ஏடிஸ் கொசு உள்ளே போக அந்தச் சந்து போதும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம்தான் ஆகும். டெங்கி பரவும் ஊரில் இதை விற்பவர்கள் கவனித்திருக்க வேண்டும். இரண்டு துளைகளிலும் நுண்ணிய எவர்சில்வர் வலையை வெட்டி ஒட்டுங்கள், அறையில் கொசுப்புழுவைக் கொல்லும் பிடிஐ (Bti) பாக்டீரியா குருணை போடுங்கள். காயவைத்தால் போதும் என்று நினைக்கவேண்டாம், ஏடிஸ் முட்டை காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். பயிர் மாற்றும்போது அறையைப் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள்.

மழைச்சாரல் விழும் பால்கனியில் வழிதுளையை அடைக்கவே கூடாது. நடைபாதையில் வைப்பதானால் நடக்க 1.2 மீட்டர் விட்டு வையுங்கள், தடுப்புச்சுவர் மேல் வேண்டாம். கடையில் வாங்கும்போது தட்டைத் தனியே கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அடுத்த தொட்டியைப் பாருங்கள்.